புள்ளியும் பிறையும்

தோணிக்கரையில் கட்டியும் முறுக்கியும் கோத்தும் வைத்திருந்த அத்தனை கயிறுகளையும் நூல்களையும் கம்பிகளையும், கண்ணுக்குத் தெரியாத ஒரு வலது கை மீட்டத் தொடங்கியது ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், சாயங்காலம் நாலு மணி இருபது நிமிடத்துக்கு. அப்போது காஜா பாய் டீக்கடையில் இரண்டாம் கொதிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார், திருவாரூர் பஸ் கடைத்தெருவில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது, துறைமுகச் சாலை ஜெராக்ஸ் கடையில் தையல்நாயகி யாருடைய ஆதார் அட்டையையோ கண்ணாடிமேல் கவிழ்த்து மூடியைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

மாடிகளில் ஈரத்துணியோடு தொங்கிய கொடிக்கம்பிகள் முதலில் அதிர்ந்தன. அப்புறம் கிணற்றுக் கயிறுகள், கரையில் காய்ந்த வலைகள், சைக்கிள் பிரேக் கம்பிகள், பூக்கடை நூல், மாதா கோயில் மணிக்கயிறு, தர்கா கொடிமரத்துக் கயிறு, குருக்களின் பூணூல், குழந்தைகளின் அரைஞாண், பெண்களின் தாலிச் சரடு, முந்தாநாள் குடல்வால் எடுத்துக்கொண்டு படுத்திருந்த கருவாட்டு வியாபாரியின் வயிற்றுத் தையல் வரைக்கும், எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே தாளத்தில் பத்து நிமிடம் ஒலித்து, ஒரு வரியின் பாதியில், வரவேண்டிய தும்மல் வராமல் நின்ற மாதிரி, நின்றுபோயின.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், வேறு எதை எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். முதல் நாள் பஸ்ஸின் மணிக்கயிறு தானாகத் துள்ளியதில், டிரைவர் ஒற்றை மணிக்கு நிறுத்தியும் இரட்டை மணிக்குக் கிளப்பியும் கடைத்தெருவைத் தாண்டவே பத்து நிமிடம் பிடித்தது. இரண்டாம் நாளிலிருந்து கண்டக்டர் நாலு பத்தொன்பதுக்கே கயிற்றை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார், அது பூனைக்குட்டி மாதிரி மடியில் துள்ளிவிட்டு அடங்கியது. லைன்மேன் கலியபெருமாள் கம்பத்தில் ஏறி மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ‘மின்கசிவு இல்லை, ஆபத்து இல்லை, கேட்க நன்றாக இருக்கிறது’ என்று பதிவேட்டில் எழுதி, மேலதிகாரிக்குப் பயந்து கடைசி மூன்று சொற்களை மட்டும் அடித்தான். தாலிச் சரடு துடிப்பதைப் பற்றிப் பெண்கள் ஒரு வாரம் யாரிடமும் மூச்சுவிடவில்லை, எட்டாம் நாள் குழாயடியில் ஒருத்தி, “கல்யாணமாகி பதினாறு வருஷத்துல எங்க வீட்டுக்காரரு ஒருநாள்கூட இப்படி...” என்று ஆரம்பிக்க, அடுத்தவள் “போதும்டி, கொடம் வழியுது பாரு” என்று சொல்ல, வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்ததில் அந்த வெட்கம் தண்ணீரோடு போயிற்று. புரட்டாசி பிறப்பதற்குள் அது மழை மாதிரி, மின்வெட்டு மாதிரி ஆகிவிட்டது: சாயங்காலக் கல்யாணங்களை ஐந்து மணிக்குத் தள்ளினார்கள், துள்ளுகிற சரட்டில் முடிச்சு விழாது என்பதால், தையல்காரர்கள் ஊசியில் நூலைக் கோக்காமல் எழுந்து டீ குடிக்கப் போனார்கள், எந்தத் தாலாட்டுக்கும் மசியாத பிள்ளைகள் தூளிக்கயிறு அதிர அதிரக் கண் சொருகின.

அதில் பாட்டு இல்லை. ராகம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. கொடிக்கம்பிக்கு உள்ளது ஒரு சுரம், கிணற்றுக் கயிற்றுக்கு உள்ளது ஒரு சுரம், அதை அதிலேயே திரும்பத் திரும்ப மீட்டுகிற வெறும் வலது கை. ஆனால் தாளம் இருந்தது, தாளத்துக்குள் இடைவெளிகளும் இருந்தன. எட்டு எண்ணிக்கையில் ஒன்றாவதிலும் ஐந்தாவதிலும் ஏழாவதிலும் ஏதோ ஒன்று ஒலிக்கவேண்டும், ஒலிக்கவில்லை. இந்தக் குறை ஊருக்குப் பொறுக்கவில்லை. காஜா பாய்தான் முதலில், யோசிக்காமலேயே, அந்த இடம் வந்தபோது கரண்டியால் கண்ணாடி டம்ளரைத் தட்டினார். டிங். மறுநாள் எதிர்க் கடை பார்பர் அதே இடத்தில் கத்தரிக்கோலைக் காற்றில் வெட்டினார். ஒரு மாதத்தில் சாவி செய்கிறவரின் அரமும், மளிகைக்கடைத் தராசும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் மூடிகளும் சேர்ந்துகொண்டு, ஊரே அந்த மூன்று இடங்களையும் நிரப்பி வைத்தது.

தையல்நாயகி மட்டும் நிரப்பவில்லை. அந்த இடம் அவளுடையது.

முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வரிகள் வரை யாருடைய கையாகவும் இருக்கலாம் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஆள்காட்டி விரல், நடுவிரல், ஆள்காட்டி, நடு என்று ஒன்றுவிட்டு ஒன்றாக, வீணை கற்ற எந்த வலது கையும் நடக்கிற நடைதான். மூன்றாம் வரியின் ஆறாம் எண்ணிக்கையில், நடுவிரல் விழவேண்டிய இடத்தில், மறுபடியும் ஆள்காட்டி விழுந்தது. கூர்மையாக, அவசரமாக, வரிசையில் முந்துகிற ஆள் மாதிரி. அந்தத் தப்பை உலகத்தில் ஒரே ஒருவன்தான் செய்வான். அவள் இடது கை பொத்தானிலிருந்து எழ மறந்துபோய், ஒரே ஆதார் அட்டை முப்பத்தேழு பிரதியாக வெளியே வந்து தரையில் சரிந்தது.

இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால், முனிசிபாலிட்டி மண்டபத்து மாலை வகுப்பில் ஒன்பது பேருக்கு மூன்று வீணைதான் இருந்தது. தையல்நாயகிக்கு நாலு வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் வலது கை சூம்பிப்போய், அந்தக் கையில் சுண்டு விரல் ஒன்று மட்டும் உயிரோடு மிஞ்சியிருந்தது. அதே வகுப்பில் படித்த சவரிமுத்துவுக்கு ஐஸ் உடைக்கிற மெஷினில் இடது கையின் இரண்டு விரல் போயிருந்தது. இவர்களுக்கு வீணை எதற்கு என்று மண்டபத்தில் எல்லோரும் நினைத்ததைச் சொல்லாமல் இருந்த ஒரே ஆள் வகுப்பு எடுத்த குந்தளம்மாள் டீச்சர்தான். அவர் ஒரே வீணைக்குப் பின்னால் இரண்டு பேரையும் தோளோடு தோள் உட்காரவைத்தார். இடப்பக்கம் அவள், சுரத்துக்குச் சுரம் தந்தியை அழுத்துகிற மெட்டுகளின்மேல் அவளுடைய இடது கை. வலப்பக்கம் அவன், குடத்துக்கு அருகில் தந்திகளின்மேல் அவனுடைய வலது கை. இரண்டுக்கும் நடுவில், பக்கவாட்டில் ஓடுகிற தாளத் தந்திகளின்மேல், அவளுடைய சுண்டு விரல்.

வலது கைக்குக் குறியீடு எழுதுவது அந்த வகுப்பின் பழக்கம். சுர எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி போட்டால் ஆள்காட்டி, இரண்டு புள்ளி போட்டால் நடுவிரல், சின்னதாக ஒரு பிறை போட்டால் சுண்டு விரல். அவர்கள் இருவரும் சேர்ந்து சுத்த தன்யாசி ராகத்தில் சொந்தமாக ஓர் உருப்படி கட்டியபோது, சுரங்களை அவள் எழுதினாள், புள்ளிகளை அவன் மென்ற பென்சிலால் வைத்தான், பிறைகளை அவள் பச்சை மையில் போட்டாள். மூன்றாம் வரியில் அவன் வாசித்த மாதிரியே ஒற்றைப் புள்ளியை அடுத்தடுத்து வைக்க, டீச்சர் சிவப்பில் வட்டமிட்டார்.

“சவரி, மறுபடியும் ஆள்காட்டியா?” என்றாள் தையல்நாயகி.

“அது தானா முந்திக்கிட்டு வருது தையு. நடுவிரலு ரொம்ப மரியாதக்காரன், வழி விட்டுர்றான்.”

“டீச்சர் கொல்லப்போறாங்க.”

“கொல்லட்டும். ஒரு கைதானே கொல்லுவாங்க, மிச்சம் மூணு இருக்குல்ல.”

நான்கு பக்கம் முடிந்து, ஐந்தாவதும் கடைசியுமான பக்கத்துக்கு அவள் சுரம் எழுதி முடித்த வாரத்தில், அவனுக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை வந்தது. கிளம்புகிற அன்று கடைக்கு வந்து நின்றான். “கடைசிப் பக்கத்தக் குடு, கப்பல்ல உக்காந்து புள்ளி போட்டு அனுப்புறேன்” என்றான். அவள் அந்தத் தாளை மடித்துக் கையில்தான் வைத்திருந்தாள். கொடுத்துவிட்டால் அவன் திரும்பி வருவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றிற்று. சாதி வேறு, சாமி வேறு, இரண்டு பேருக்கும் நடுவில் வாய்விட்டுச் சொன்ன வார்த்தை ஒன்றுமில்லை, இருந்ததெல்லாம் இந்தப் பாதி உருப்படி. “வந்து போட்டுக்கலாம்” என்றாள்.

முதல் கடிதத்தில், சமையல்கட்டில் இரண்டு கொக்கிக்கு நடுவில் கயிறு கட்டியிருப்பதாகவும், நாலு மணி டீ முடிந்து நாலு இருபதுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும், அதில் நாலு பக்கமும் வாசித்துவிடுவதாகவும் எழுதியிருந்தான். இரண்டாவதில், ‘கடைசிப் பக்கம்?’ என்று மட்டும் இருந்தது. மூன்றாவது வரவில்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கினவர் திரும்ப ஏறவில்லை என்று கப்பல் கம்பெனியில் சொன்னார்கள். எந்தத் துறைமுகம் என்று கேட்டதற்கு, கேட்பவர் உறவா என்று கேட்டார்கள்.

இப்போது அந்தக் கை தினமும் வந்தது. நாலு பக்கமும் வாசித்து, நாலாம் பக்கத்துக் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தாவுகிற அந்தப் பாதி எண்ணிக்கையில் நின்றது. ஊருக்கு அது வராத தும்மல். அவளுக்கு மட்டும் தெரியும் அது நீட்டிய கை என்று. தெரிந்தும் அந்தத் தாளை வைத்திருந்த தகர டப்பாவைத் திறக்கவில்லை. பக்கத்தைக் கொடுத்துவிட்டால் உருப்படி முடிந்துவிடும். முடிந்துவிட்டால் நாளைக்கு நாலு இருபதுக்கு என்ன இருக்கும்? இருபத்து நாலு வருஷமாக இல்லாதவன் இப்போது தினமும் பத்து நிமிடம் இருக்கிறான். நாலு மணிக்கு அவள் முகம் கழுவி, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, கொல்லையில் முருங்கை மரத்துக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவில் ஓடுகிற கொடிக்கம்பிக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பவள் போல. தெருவில் டம்ளர் டிங் என்னும்போதெல்லாம் அவளுடைய சுண்டு விரல் மடியில் லேசாகச் சுருங்கும்.

மார்கழியில் அந்தக் கையின் நகம் தேய ஆரம்பித்தது. முதலில் அவளுக்குத்தான் கேட்டது: நகம் பட்டு எழுகிற கூர்மை மங்கி, சதை பட்டு எழுகிற மந்தமான ஒலி. பிறகு ஊருக்கும் கேட்டது. பூக்கடை நூல் அதிர்வதை நிறுத்தியது, அப்புறம் பூணூல், அப்புறம் தாலிச் சரடுகள். பெண்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். தையில் தடித்த கயிறுகளும் கம்பிகளும் மட்டுமே மிஞ்சின. பத்து நிமிடம் பதினைந்து ஆயிற்று, இருபது ஆயிற்று. ஒருநாள் கை கடைசி இடத்துக்கு வந்து, நிற்காமல், அந்த ஒரே மீட்டை மூன்று தடவை மீட்டிவிட்டு நின்றது.

கொல்லையில் துணி எடுக்க வந்த தம்பி மனைவி செண்பகம் அப்படியே நின்றாள். எப்போது கண்டுபிடித்தாளோ, ஒரு நாளும் கேட்டதில்லை.

“அண்ணி.”

“ம்.”

“நான் ஒண்ணு சொன்னா கோவிக்கக்கூடாது.”

“கோவிப்பேன். சொல்லு.”

“மனுஷன் வாசல்ல நின்னு கதவத் தட்டிக்கிட்டே இருக்காரு. நீங்க உள்ள உக்காந்து, இன்னும் கொஞ்சம் தட்டட்டும், கேக்க நல்லா இருக்குன்னு இருக்கீங்க.”

முருங்கை இலை இரண்டு தையல்நாயகியின் மடியில் விழுந்தது. “தொறந்தா போயிடுவாரு செம்பகம்” என்றாள்.

“தொறக்காட்டி மட்டும் உள்ள வந்துட்டாரா?”

மறுநாள் காலையில் அவள் கடையைத் திறக்காமல் காஜா பாயின் டீக்கடைக்குப் போனாள். அவள் அங்கே வந்து உட்கார்ந்ததே இல்லை என்பதால் பெஞ்சில் இருந்த நாலு பேரும் தள்ளி இடம் விட்டார்கள்.

“பாய், இன்னிக்கு ஒருநாள் நாலு இருபதுக்கு கரண்டியச் சும்மா வைங்க.”

“ஏன் தங்கச்சி, சத்தம் தொந்தரவா இருக்கா?”

“இல்ல. அது என் விரலு.”

காஜா பாய் அவள் மடியில் கிடந்த அந்தச் சூம்பிய கையைப் பார்த்தார், அதில் ஒற்றையாக நிமிர்ந்திருந்த சுண்டு விரலைப் பார்த்தார், கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். “அல்லாவே, ஏழு மாசமா நான் பாட்டுக்கு உங்க எடத்துல கரண்டியப் போட்டுக்கிட்டு இருந்திருக்கேனே. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“நல்லாத்தான் தட்டினீங்க பாய். ஏழாவதுல மட்டும் கொஞ்சம் அவசரம்.”

“அது பால் பொங்குற நேரம்மா” என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

டீக்கடையில் சொன்னது மதியத்துக்குள் மண்டபம் வரை போய், ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை, வந்தவர்கள் எல்லோரும், கொடிக்கம்பியில் மெட்டுகளைக் குறிக்க அவள் கேட்டிருந்த துணி மாட்டுகிற கிளிப்பு கொண்டுவந்தார்கள். வீணைக்கு மெட்டு இருபத்து நாலு. அவளுக்கு வேண்டியதும் அவ்வளவே. வந்ததோ கூடை கொள்ளாமல், நீலமும் சிவப்பும் மரத்தில் செய்ததுமாக. கலியபெருமாள் ஏணி போட்டுக் கொடிக்கம்பியை முறுக்கேற்றினான். “அக்கா, போதுமா பாருங்க, ஊருக்கே கரண்டு இழுத்தவன், ஒங்களுக்கு ஒரு கம்பி இழுக்க மாட்டனா” என்றான். செண்பகம் அதற்குக் கீழே பக்கவாட்டில், தாளத் தந்தியாக, ஒரு நைலான் கயிற்றைக் கட்டினாள். தையல்நாயகி கண்ணை மூடி, விரலால் கம்பியைத் தடவித் தடவி, கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். பிறகு டப்பாவைத் திறந்து, மடிப்பில் பழுத்துப்போயிருந்த தாளை எடுத்து, கடைசிக் கிளிப்பில் தன் முகத்துக்கு நேராகத் தொங்கவிட்டாள்.

நாலு இருபதுக்கு கை வந்தது. அவள் இடது கை கம்பியை அழுத்தியது.

அன்றைக்குத்தான் தோணிக்கரை அந்தப் பாட்டைக் கேட்டது. அவள் எந்தச் சுரத்தை அழுத்தினாளோ அந்தச் சுரத்திலேயே ஊரின் கிணற்றுக் கயிறுகள் ஒலித்தன, வலைகள் ஒலித்தன, மணிக்கயிறும் கொடிமரமும் ஒலித்தன, ஏழு மாதமாக ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்த ஊமைக் கம்பிகளெல்லாம் வாய் வந்து பேசின. முதல் எண்ணிக்கையில் கடைத்தெருவே மூச்சைப் பிடித்தது: காஜா பாயின் கரண்டி பலகையில் கிடந்தது, பார்பரின் கத்தரி வாய் திறந்தபடி நின்றது, பிள்ளைகள் டிபன் பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். அந்த வெற்றிடத்தில் அவளுடைய சுண்டு விரல் நைலான் கயிற்றைத் தொட்டது. கை ஒரு கணம் தயங்கியது. பிறகு, தோளில் தோள் பட்டுவிட்ட மாதிரி, நிதானமாயிற்று.

மூன்றாம் வரியில் முந்திக்கொண்டு வந்த ஆள்காட்டி முந்திக்கொண்டே வந்தது. நான்காம் பக்கம் முடிந்தது. நிற்கிற இடம் வந்தது, நின்றது. அவள் தாளைப் பார்த்து அடுத்த சுரத்துக்கு விரலை நகர்த்தி, அழுத்தி, காத்திருந்தாள். இந்தப் பக்கத்துக்குப் புள்ளி இல்லை. எந்த விரல் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கம்பி மெல்ல அதிர்ந்தது, நடுவிரல், அந்த மரியாதைக்காரன். அவள் அடுத்ததற்கு நகர்ந்தாள், அவனும் நகர்ந்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் கேட்டு, அவன் கேட்கக் கேட்க அவள் சொல்லி, இருபத்து நாலு வருஷம் மடித்து வைத்திருந்த எட்டு வரியையும் இருவருமாகப் பிரித்து முடித்தார்கள். எட்டாம் வரியின் ஆறாம் எண்ணிக்கையில் ஆள்காட்டி மறுபடியும் முந்தியது. “மறுபடியும்...” என்று அவள் சத்தமாகச் சொல்லிவிட்டாள், சிரித்தும்விட்டாள், சுவருக்கு அப்பால் நின்ற ஊர் அதையும் கேட்டது.

பிறகு கை ஓய்ந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஒலி, முடிவுக்கு வரவேண்டிய எண்ணிக்கை, தாளத் தந்திக்கு உரியது, ஒரு பிறை. அதை அவள்தான் ஒலிக்கவேண்டும். ஒலிக்காவிட்டால் உருப்படி முடியாது, அவன் நாளைக்கும் வருவான், நாளை மறுநாளும் வருவான், தேய்ந்த விரலோடு. கடைத்தெருவில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, அணைக்க யாரும் நகரவில்லை. அவளுடைய சுண்டு விரல் கயிற்றின்மேல் எவ்வளவு நேரம் இருந்தது என்று கலியபெருமாளைக் கேட்டால் இரண்டு நிமிடம் என்பான், செண்பகத்தைக் கேட்டால் இருபத்து நாலு வருஷம் என்பாள்.

“போயிட்டு வா” என்று சொல்லத்தான் அவள் வாய் பழகியிருந்தது. அதைச் சொல்லாமல், கயிற்றைச் சுண்டி விரலை எடுத்தாள். கயிறு ஒலித்தது. ஊரின் எல்லாக் கயிறுகளும், பூ கட்டுகிற நூல் முதல் தாலிச் சரடு வரை, ஒரே ஒரு முறை, அந்தச் சுண்டு விரலுக்காக ஒலித்து அடங்கின.

மறுநாள் நாலு இருபதுக்கு எதுவும் அதிரவில்லை. கண்டக்டர் அவிழ்த்த கயிறு மடியில் கயிறாகவே கிடந்தது. தையல்நாயகி கொல்லையில் அதே ஸ்டூலில், கிளிப்புகளுக்குக் கீழே, கடைசிப் பக்கத்தை ஓர் அட்டையின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டப்பாவின் அடியில் கிடந்த அந்த மென்ற பென்சில் அவள் இடது கையில் இருந்தது. அமைதியாகத்தான் இருந்தது, முதல் எண்ணிக்கை வரும் வரைக்கும். அப்போது கடைத்தெருவில் டம்ளர் டிங் என்றது. காஜா பாய் யோசித்துத் தட்டவில்லை, கை தானாகத் தட்டிவிட்டது. ஐந்தாவதில் கத்தரிக்கோல் வெட்டியது, ஏழாவதில் டிபன் பாக்ஸ் மூடிகள். மீட்டு இல்லாத தாளத்தை, வெறும் பிறைகளை மட்டும், ஊர் வாசித்துக்கொண்டே போயிற்று, ஏழாவதில் அவசரப்படாமல்.

அந்த ஒலிகளைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, அவள் நேற்றுக் கேட்டதை நினைவிலிருந்து இறக்கி, சுரங்களுக்குக் கீழே ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தாள். இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று. எட்டாம் வரிக்கு வந்தாள். ஐந்தாம் எண்ணிக்கைக்கு ஒரு புள்ளி. ஆறாம் எண்ணிக்கைக்கும், பென்சிலை எச்சில் தொட்டு, நன்றாக அழுத்தி, ஒரே ஒரு புள்ளி.